மறுநாள் போகிறவள்

அப்பாவுக்குக் கால் முறிந்த சமயத்தில் எங்கள் வீட்டில் ஆரஞ்சுப் பழம் தின்று தீர்க்க முடியாமல் அழுகிப்போனது. கடலூர் திருப்பாப்புலியூரில் எங்கள் வீடு ஒரு குறுகலான சந்துக்குள் இருந்தது. செருப்பு விட இடமில்லாத அளவுக்கு ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் விபத்து எப்படி நடந்தது என்று கேட்டார்கள். அப்பாவும் ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னார். சொல்லச் சொல்ல, அவரை இடித்த ஆட்டோ வேனாகி, வேன் லாரியாகிவிட்டது. பிறகு வருகிறவர்கள் குறைந்தார்கள். அப்புறம் யாருமே வரவில்லை. மாவுக்கட்டுக்குள் அரிப்பெடுத்து, மத்தியானத் தொடர்களின் கதையெல்லாம் மனப்பாடமாகி, வீட்டில் எல்லாரிடமும் அவர் எரிந்து விழ ஆரம்பித்த பிறகு ஒருநாள் அவள் வந்தாள். கையில் பழம் இல்லை. கம்பளி பின்னும் ஊசி ஒன்று வைத்திருந்தாள்.

“இப்ப எதுக்கும்மா வந்த? நான்தான் நல்லாயிட்டேனே” என்றார் அப்பா.

“இப்பதான மாமா போர் அடிக்கும்” என்று ஊசியை நீட்டினாள். “கட்டுக்குள்ள வுட்டு மெதுவா சொறிஞ்சிக்குங்க. அழுத்தாதீங்க, தோலு கிழிஞ்சிரும்.”

அப்பா அன்று மாலைவரை அந்த ஊசியோடு சொர்க்கத்தில் இருந்தார். அதற்குப் பிறகு அவளை ‘ஊசிப் பொண்ணு’ என்றுதான் சொல்வார். அவளுடைய உண்மையான பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் என்னைத் தேடிக்கொண்டு வந்துவிடுவாள். அதுவும் உடனே வர மாட்டாள். இதைப் படித்தவர்கள் எல்லாரும் மறந்துபோன பிறகு வருவாள்.

சிதம்பரத்தில் நாங்கள் இருவரும் ஒரே வகுப்பில் பொருளாதாரம் படித்தோம். முதன்மைப் பாடத்தோடு துணைக்கு வேறொரு துறையிலும் சில தாள்கள் படிக்க வேண்டும் என்று பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கொண்டுவந்திருந்தார்கள். அதற்கு மைனர் என்று பெயர். கணினியும் உளவியலும் காலையிலேயே நிரம்பிவிட்டன. கடலூரிலிருந்து வரும் என் பேருந்து ஆலப்பாக்கம் ரயில்வே கேட்டில் நின்றுவிட்டதால் நான் போய்ச் சேர்ந்தபோது மிச்சமிருந்தது சர்வதேச வளர்ச்சி மட்டும். அவள் உள்ளூர்க்காரி, பேருந்து ஏற வேண்டியதே இல்லை. அவளுக்கும் அதுதான் கிடைத்திருந்தது. காரணம் கேட்டேன்.

“கூட்டமா இருந்திச்சி. கூட்டம் போனப்புறம் பாத்துக்கலாம்னு கேன்டீன்ல ஒக்காந்துட்டேன்” என்றாள்.

அம்மா பக்கத்து வீட்டில், நான் வெளிநாட்டு வேலைக்குப் படிப்பதாகச் சொல்லிவைத்தாள். எந்த நாடு என்று கேட்டார்களாம். எல்லா நாடும்தான் என்றாளாம். அந்தப் படிப்பைப் பற்றி அதைவிடச் சரியான விளக்கம் எங்கள் பாடப் புத்தகத்திலும் இல்லை. பணக்கார நாடுகள் ஏழை நாடுகளுக்கு எப்படியெல்லாம் உதவுகின்றன, உதவி எங்கே பலிக்கிறது, எங்கே பலிக்காமல் போகிறது என்பதுதான் பாடம். எங்கள் மேடம் நல்லவர். திரையில் படம் போட்டுப் போட்டு நடத்துவார். ஏதோ ஒரு தேசத்தில் புதிதாகப் போட்ட கைப்பம்பு, அதைச் சுற்றிச் சிரிக்கும் பெண்கள். இன்னொரு தேசத்தில் புதுப் பள்ளிக்கூடம், கத்தரிக்கோலும் ரிப்பனுமாக ஒரு தொப்பிக்காரர்.

அவள் கை தூக்குவாள். “இதுக்கப்புறம் அங்க யாராவது திரும்பிப் போனாங்களா மேடம்?”

முதல் தடவை மேடம் ஆர்வமாகப் பதில் சொன்னார். பிறகு அவள் கை மேலே போகும்போதே வகுப்பு முழுக்க, “யாராவது திரும்பிப் போனாங்களா மேடம்?” என்று ராகம் போட்டுச் சொல்லத் தொடங்கிவிட்டது. அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். சிரித்து முடித்துவிட்டு, “போனாங்களா மேடம்?” என்பாள்.

“ரிப்பன் வெட்டுன மறுநாள் எடுத்த போட்டோ இருக்கா?” என்று ஒருமுறை கேட்டாள்.

“அதெல்லாம் யாரும்மா எடுப்பாங்க?”

“அதான் மேடம்” என்று உட்கார்ந்துவிட்டாள்.

இந்தக் குணம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டியதில்லை. தெற்கு வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அவள் அப்பா வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்தார். அண்டா, ஜமுக்காளம், பந்தல் துணி, நாற்காலி எல்லாம் அங்கே வாடகைக்குக் கிடைக்கும். கல்யாணமோ சாவோ, ஊரே போகிற அன்றைக்கு அவர்கள் போவதில்லை. மறுநாள் காலையில் குட்டியானை வண்டியை எடுத்துக்கொண்டு சாமான்களை அள்ளிவரப் போவார்கள். சின்ன வயதிலிருந்தே அப்பாவோடு முன்சீட்டில் உட்கார்ந்து அவளும் போவாள். தூக்கக் கலக்கத்தில் பல் தேய்க்கும் மாப்பிள்ளையையும், முந்தின நாள் சிரித்துக்கொண்டு பந்தி விசாரித்துவிட்டு இன்று மூலையில் சண்டை போடும் சம்பந்திகளையும் அவள் பார்த்திருக்கிறாள். சாவு வீட்டில், ஆட்களெல்லாம் கிளம்பிப் போன பிறகு, அழுது தீர்த்த ஒருத்தி தனியாக உட்கார்ந்து அரிசி களைவதையும் பார்த்திருக்கிறாள்.

தேர் பார்க்கக்கூட அவள் அப்படித்தான். ஆனித் தேருக்கு நான் கடலூரிலிருந்து கூட்டத்தில் நசுங்கி வந்து சேர்ந்தால், அவள் வீட்டில் படுத்துக்கொண்டிருப்பாள். “நாளைக்கு வா, வீதி நல்லா இருக்கும்” என்பாள். அறுந்த செருப்புகள் குவிந்து கிடக்கும் வீதியில் என்ன நல்லா இருக்கிறது என்று எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

இது எல்லாருக்கும் பிடித்த குணமாக இருந்தது என்று சொல்ல முடியாது. வகுப்பில் ஒருவனுடைய அம்மா இறந்துபோனார். பரங்கிப்பேட்டைப் பக்கம் ஒரு கிராமம். நாங்கள் வேன் பிடித்துப் போய்த் துக்கம் விசாரித்து, வழக்கப்படி சொல்லிக்கொள்ளாமல் கிளம்பி வந்துவிட்டோம். அவள் அந்த வேனில் வரவில்லை. பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்து, உறவுக்காரர்கள் ஊருக்குப் போன பிறகு பேருந்து ஏறிப் போனாள். அவன் அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது.

“காரியம் முடிஞ்ச வூட்டுக்குத் திரும்பவும் துக்கம் கேட்டுக்கிட்டு வர்றது என்னா பழக்கம்?”

“துக்கம் கேக்க வரல அத்த. சாப்புட வந்தேன்” என்றாளாம்.

சாப்பிட்டிருக்கிறாள். அம்மா போன பிறகு அந்த வீட்டில் அன்றுதான் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டதாக அவன் பிற்பாடு சொன்னான். ஆனாலும் அந்த அத்தை அவளை மன்னிக்கவில்லை. எனக்கும் சில நேரம் அவளைப் பிடிக்காது. நாம் சண்டை போட்டுச் சமாதானமாகி எல்லாம் மறந்துபோயிருக்கும்போது, “அன்னிக்கி நீ அப்பிடிச் சொன்னியே, அது நெஜமாவே அப்பிடி நெனச்சிதான் சொன்னியா?” என்று வந்து நிற்பாள். திரும்பி வருகிறவர்களிடம் ஒரு தொல்லை உண்டு. நாம் ஒழுங்குபடுத்தி வைத்ததை அவர்கள் கலைத்துவிடுவார்கள்.

இரண்டாம் ஆண்டில் எங்கள் மைனர் பாடத்துக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு பேராசிரியை வந்தார். எங்களுக்கு அவர் வெள்ளைக்கார மேடம். அவருக்குத் தெரிந்த ஒரு தொண்டு நிறுவனம் காடாம்புலியூருக்கு அருகே ஒரு கிராமத்தில் பெண்களுக்கு உதவி செய்துவந்தது. பெரும்புயலில் அந்தப் பக்கத்து முந்திரி மரங்களெல்லாம் வேரோடு சாய்ந்த காலத்திலிருந்தே அந்தத் தொடர்பு உண்டாம். வீட்டில் உட்கார்ந்து கையால் முந்திரி உடைக்கும் பெண்களுக்காக, ஊரையொட்டி ஒரு கொட்டகை கட்டி, அதில் உடைக்கும் இயந்திரங்களையும் வைத்துக் கொடுத்திருந்தார்கள். அது எப்படி நடக்கிறது என்று நாங்கள் பார்த்து எழுத வேண்டும். அதுதான் எங்கள் செய்முறைத் தாள். எழுதுவதை வைத்து அடுத்த உதவியை முடிவு செய்வார்கள் என்று எங்கள் மேடம் சொன்னார்.

வேன் ஊருக்குள் நின்றதும் இறங்கி நடந்தோம். கொட்டகைக்குப் போகும் மண்பாதை நெடுக சாமந்தி இதழும் ரோஜா இதழும் இறைந்து கிடந்தன. நடுநடுவே பொரியும் கிடந்தது. வெள்ளைக்கார மேடத்துக்கு ஒரே பூரிப்பு. நின்று நின்று படம் எடுத்தார். எங்களை வரவேற்கவா இதெல்லாம் என்று கேட்டார்.

தமிழ்நாட்டில் பிறந்த யாருக்கும் அதை விளக்க வேண்டாம். பாதையில் பூவும் பொரியும் இறைந்து கிடந்தால் அந்த வழியாக ஒரு சவம் போயிருக்கிறது என்று அர்த்தம். மிதிக்காமல் ஒதுங்கி நடப்போம். நாங்கள் எல்லாரும் ஓரமாகத்தான் நடந்துகொண்டிருந்தோம். எதிரில் எங்களை அழைக்க வந்த பெண்கள் சங்கத் தலைவி மல்லிகா அக்கா வாயைத் திறந்து மூடினார். எங்கள் மேடம் ஒரு நொடி தயங்கினார். பிறகு ஆங்கிலத்தில், ஆமாம், உங்களுக்காகத்தான் என்றார். வெள்ளைக்கார மேடம் குனிந்து, அதிகம் வாடாத ஒரு முழுச் சாமந்தியாகப் பார்த்து எடுத்துக் காதோரம் செருகிக்கொண்டார். வேன் ஓட்டுநர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தனை பேரில் ஒருவர்கூட எதுவும் சொல்லவில்லை. விருந்தாளி சிரித்துக்கொண்டு நிற்கும்போது அதை எப்படிச் சொல்வது?

கொட்டகை பளிச்சென்று இருந்தது. இயந்திரங்களுக்கு முன்னால் பெண்கள் வரிசையாக நின்று உடைத்துக் காட்டினார்கள். எங்களுக்கு நீல நிற நாற்காலிகள் போட்டு, முந்தானையால் துடைத்து உட்கார வைத்தார்கள். பலாச்சுளையும் தேநீரும் வந்தன. எதைக் கேட்டாலும், “நல்லா இருக்குதுங்க” என்றார்கள். அவள் மட்டும் உட்காராமல் நாற்காலியின் பின்பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில், “அது வாடக சேருடி” என்றாள். “பின்னாடி பெயிண்ட்ல பண்ருட்டிக் கடை பேரு எழுதியிருக்குது. நமக்காக எடுத்தது.”

“அதனால என்னா? மரியாதைக்கு எடுத்திருப்பாங்க.”

“சேர நமக்காக எடுத்திருக்காங்க. அப்ப பேசுன பேச்சு?”

வகுப்பில் எல்லாரும் மறுவாரமே அறிக்கையை எழுதி முடித்தார்கள். நானும் அவளும் சேர்ந்து செய்ய வேண்டும் என்று மேடம் பிரித்துவிட்டிருந்ததால் எனக்கு வேறு வழியில்லாமல் போனது. பண்ருட்டி போய், அங்கிருந்து இன்னொரு பேருந்து ஏறி, பலாப்பழக் கடைகளையெல்லாம் தாண்டி அதே ஊரில் போய் இறங்கினோம். யாருக்கும் சொல்லிவிட்டுப் போகவில்லை.

கொட்டகை பூட்டிக் கிடந்தது. ஊருக்குள் வீட்டுக்கு வீடு முந்திரி உடைக்கும் சத்தம் கேட்டது. வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்துக் கட்டையால் ஒரு தட்டு. கையில் எண்ணெய் ஏறாமலிருக்கச் சாம்பல் பூசியிருந்தார்கள். மல்லிகா அக்கா தன் வீட்டு வாசலில் உடைத்துக்கொண்டிருந்தார். மருமகள் பக்கத்தில் இருந்தாள். ஓட்டுக் குவியலுக்கு அந்தப் பக்கம் ஒரு வயதுப் பேரன் தவழ்ந்துகொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் அக்காவின் முகம் மாறியது.

“ஏய், சேர எடுத்தாடி” என்று மருமகளிடம் கத்திவிட்டு, “என்னாம்மா, எதுனா வுட்டுட்டுப் போயிட்டீங்களா?” என்றார்.

“இல்லக்கா. சும்மா பாத்துட்டுப் போலாம்னு.”

“அதான் அன்னிக்கே பாத்தீங்களே.”

வீட்டில் ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. என்னை அதில் உட்கார வைத்துவிட்டு அவள் நின்றாள். கொட்டகை ஏன் பூட்டியிருக்கிறது என்று கேட்டாள். அக்கா கட்டையைக் கீழே வைத்தார்.

“ஒனக்குத் தெரியாதா? நீயும் இந்தப் பக்கத்துப் பொண்ணுதான? அது சுடுகாட்டு வழி. உச்சிப் பொழுதுலயும் பொழுது சாஞ்சும் புள்ளத்தாச்சியும் கைப்புள்ளக்காரியும் அந்தப் பக்கம் எப்பிடிப் போவாங்க? எந்த மாமியா அனுப்புவா?”

“கட்டறப்பவே சொல்லியிருக்கலாமேக்கா.”

“எடத்த சும்மா குடுத்தாரு ஒருத்தரு. சும்மா குடுக்கிறவன் வேற எந்த எடத்தக் குடுப்பான்? கட்டிக் குடுத்தவங்க அம்மாந்தூரத்துலேர்ந்து வந்து சிரிச்சிக்கிட்டு நிக்கிறாங்க. அவுங்களாண்ட போயி, இது பொணம் போற வழின்னு எந்த வாயால சொல்றது?”

 நாங்களே சொல்லவில்லையே.

அக்கா பேரனைத் தூக்கி அவன் இடது கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கைத் தோல் வெந்து, உரிந்து, கறுத்திருந்தது. முந்திரி ஓட்டின் எண்ணெய் பட்டால் அப்படித்தான் ஆகும். கண் அசந்த நேரத்தில் ஓட்டை அள்ளிவிட்டானாம்.

“இவன் மட்டும் இல்ல. தெருவுல பாதிப் புள்ளைங்களுக்கு இப்பிடித்தான். கொட்டாய் நல்லா நடக்குதுன்னு தெரிஞ்சா அடுத்தது புள்ளைங்கள வச்சிப் பாத்துக்க ஒரு ரூமு கட்டித் தர்றோம்னு சொல்லியிருக்காங்க. ஒரு ஆயாவும் போட்றாங்களாம். அதுக்குத்தான் அன்னிக்கி அம்மாம்பேரும் வேலைய வுட்டுட்டு வந்து நின்னோம். நீ எதுனா எழுதிக் கெடுத்துறாதம்மா.”

“ரூம எங்கக்கா கட்டுவாங்க?”

“அங்கதான். கொட்டாய்க்குப் பக்கத்துல எடம் மிச்சம் கெடக்குதே.”

“அங்க புள்ளைங்கள அனுப்புவீங்களா?”

அக்கா பேரனை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டார். மருமகள்தான் தலையைத் தூக்காமலே, “நான் அனுப்ப மாட்டேன்” என்றாள்.

“நீ சும்மா இருடி. மொதல்ல வரட்டும். வந்துட்டா எதுக்காவது ஆவும்” என்று அடக்கிவிட்டு, அக்கா எங்கள் பக்கம் திரும்பினார். “மொத வாட்டி வந்தீங்க, விருந்தாளி. ரெண்டாவது வாட்டி எதுக்கு வர்றீங்க? எங்கள வேவு பாக்கவா?”

அத்தோடு பேருந்து ஏறினோம். எனக்கு விஷயம் எளிதாகத்தான் தோன்றியது. நல்லா இருக்கு என்று எழுதிவிட்டால் ஒரு கட்டடம் வரும். இல்லை என்று எழுதினால் அதுவும் வராது. இதைச் சிதம்பரம் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் அவளிடம் சொன்னேன்.

“கட்டடம் வந்துரும்” என்றாள். “அந்தப் புள்ள அதே ஓட்டுக் குவியலாண்டதான் தவழ்ந்துக்கிட்டு இருக்கும். ஆனா ரூமு குடுத்தாச்சின்னு எழுதிட்டு அவுங்க போயிருவாங்க. அப்புறம் யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க.”

“இப்ப சொன்னா நடுவூர்ல கட்டிக் குடுத்துருவாங்களா?”

“தெரியாது” என்றாள். அவள் பொய்யாக நம்பிக்கை காட்டவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

அறிக்கை வாசிக்கும் நாளில் திரையில் முதல் படமாக அந்தப் பூப்பாதைதான் இருந்தது. தன் வாழ்நாளில் மறக்க முடியாத வரவேற்பு என்று சொல்லித்தான் வெள்ளைக்கார மேடம் கூட்டத்தைத் தொடங்கினார். தொண்டு நிறுவனத்தின் ஆட்கள் இரண்டு பேர் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு ஜோடியாகப் போய் வெற்றி, வெற்றி என்று வாசித்தார்கள். எங்கள் முறை வந்தது. என் பங்கை நான் வாசித்தேன். எத்தனை இயந்திரம், எவ்வளவு மின்சாரம் என்ற ரகம். அவள் தாளை மடித்து வைத்துவிட்டு, தன் தட்டுத்தடுமாறும் ஆங்கிலத்தில் பேசினாள். குழந்தைகளுக்கான அறை அந்த ஊருக்குக் கட்டாயம் வேண்டும், ஆனால் அந்தப் பாதையில் வேண்டாம், தெரு நடுவில் கட்டுங்கள் என்றாள். ஏன் என்று கேட்டார்கள். அவள் திரையைக் காட்டி, அந்தப் பூ எதற்கு இறைத்தது என்று சொன்னாள்.

வெள்ளைக்கார மேடத்தின் கை தானாகக் காதோரம் போனது. பிறகு எங்கள் எல்லாரையும் பார்த்து, உங்கள் அத்தனை பேருக்கும் அன்றே தெரியுமா என்று கேட்டார். ஒருவரும் நிமிரவில்லை. எங்கள் மேடம் திரையை அணைத்தார். விளக்கு போட்டார்கள். காபி வந்தது.

கெட்டவர்கள் என்று யாரையும் சொல்ல மாட்டேன். வெள்ளைக்கார மேடம் பிறகு அவளைத் தனியே கூப்பிட்டு நன்றிகூடச் சொன்னார். ஆனால் தொண்டு நிறுவனத்துக்காரர்கள், கொட்டகையே பயன்படாதபோது அடுத்த திட்டத்தைப் பற்றி மறுபடி யோசிக்க வேண்டியிருக்கிறது என்றார்கள். யோசித்துக்கொண்டே இருந்தார்கள். நடுத்தெருவில் சும்மா இடம் கொடுக்க ஊரிலும் யாரும் முன்வரவில்லை. அறை அங்கேயும் வரவில்லை, இங்கேயும் வரவில்லை. எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. அவள் திரும்பிப் போகாமல் இருந்திருந்தால் குறைந்தபட்சம் நான்கு சுவராவது எழும்பியிருக்கும் என்று நினைத்தேன். இன்றைக்கும் சில நாள் அப்படி நினைக்கிறேன். சில நாள் அந்த மருமகள் சொன்னதுதான் ஞாபகம் வருகிறது.

இனிமேல் அந்த ஊர்ப் பக்கம் இவள் தலைவைத்துப் படுக்க மாட்டாள் என்று எதிர்பார்த்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். விஷயம் ஊருக்குத் தெரிந்து, அறை வராது என்பதும் உறுதியான பிறகு அவள் தனியாகப் பேருந்து ஏறிப் போனாள். அன்று சாயங்காலம் சிதம்பரம் பேருந்து நிலையத்தில், கடலூர் வண்டிக்காக நான் நின்றிருந்தபோது வந்து இறங்கினாள். முகம் வீங்கியிருந்தது.

“திட்டுனாங்களா?”

“திட்டியிருந்தாதான் பரவால்லியே. சேர் போட்டாங்கடி. தொடச்சிப் போட்டாங்க. டீ குடுத்தாங்க. தட்டுல பிஸ்கட் வச்சிக் குடுத்தாங்க. என்னா கேட்டாலும், எல்லாம் நல்லா இருக்குதும்மான்னு சொல்றாங்க.”

சொல்லிவிட்டு அங்கேயே, கடலைக்காரருக்கும் ஆட்டோக்காரர்களுக்கும் நடுவில் நின்று அழுதாள். அவள் அழுது வேறெப்போதும் நான் பார்த்ததில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது, இதோடு விட்டுவிடுவாள் என்று. விடவில்லை. பருவத் தேர்வு வந்தது, அவள் போய்க்கொண்டிருந்தாள். முகூர்த்த நாட்களில் கடைக்கு ஆள் பற்றாமல் அவள் அப்பா வீட்டில் சத்தம் போட்டார், அப்போதும் போனாள். எப்போது கேட்டாலும், “இன்னிக்கும் சேருதான்” என்று மட்டும் சொல்வாள்.

பிற்பாடு எனக்குக் கல்யாணமானது. அவள் வரவில்லை. ஆடி பிறந்து, நான் தாய் வீட்டுக்கு வந்து சலித்துக் கிடந்த நாளில் வந்தாள். “கல்யாணத்தன்னிக்கி நீ என்னா பேசியிருக்கப் போற? இப்ப சொல்லு, எப்பிடி இருக்குது?” என்றாள். அவளிடம் மட்டும்தான் நிஜத்தைச் சொன்னேன். அதை இங்கே சொல்வதற்கில்லை. அதற்கப்புறம் அவளுடைய எண் மாறிவிட்டது, என்னுடையதும் மாறிவிட்டது.

நான் சொல்ல வந்தது அதற்கு முந்திய ஒரு நாளைப் பற்றி. படிப்பு முடிந்து, கடலூரில் ஒரு காப்பீட்டு அலுவலகத்துக்கு நேர்காணலுக்குப் போயிருந்தேன். மதிப்பெண் பட்டியலைப் புரட்டிய அதிகாரி ஒரு வரியில் விரலை வைத்து, சர்வதேச வளர்ச்சி என்றால் என்ன என்று கேட்டார். புத்தகத்தில் இருந்த வரையறையை மூச்சு விடாமல் ஒப்பித்தேன். நல்லது என்றார். வெளியே வந்து பேருந்து நிலையத்தில் நிற்கும்போது கைபேசி அடித்தது. அவள்தான். பின்னால் முந்திரி உடைக்கும் சத்தம் கேட்டது.

“அடியேய், இன்னிக்கி எனக்கு சேர் போடலடி” என்றாள். குரல் பொங்கி வழிந்தது.

“என்னாடி சொல்ற?”

“போடல. டீ வேணுமான்னுகூடக் கேக்கல. மல்லிகாக்கா என்னப் பாத்துட்டு, வந்துட்டா பாரு, இவளாலதான் ரூமு போச்சின்னு தெருவே கேக்குற மாதிரி திட்டுச்சி. அவ்ளோ நேரம் திட்டுச்சிடி. அப்புறம், சும்மாதான நிக்கிற, இந்தா இவனப் புடி, ஓட்டுக்குப் போயிராமப் பாத்துக்கன்னு புள்ளைய என் மடியில போட்டுட்டு, அது பாட்டுக்கு ஒடைக்குது. தரையிலதான் ஒக்காந்திருக்கேன். காலு மரத்துப்போச்சி.”

“கை ஆறிப்போச்சா அவனுக்கு?”

“தழும்பு இருக்குது. இன்னொரு வூட்டுப் புள்ளையும் இங்கதான் வருது, அத நீ… ஐயய்யோ, மடியிலயே போயிட்டான்டி. வச்சிர்றேன், வச்சிர்றேன்” என்று வைத்துவிட்டாள்.